ஆமாம், பூனைக்கு சுகர் பாக்கறேன். அதுக்கு என்ன இப்போ?

போன வாரம் மாயவரத்துலேர்ந்து பெரியப்பா பையன் ஃபோன் பண்ணினார். குசலம் எல்லாம் முடிஞ்சப்புறம், "பின்னாடி என்னடா சத்தம்?"னு கேட்டார். பூனைதாண்ணா, இன்சுலின் நேரம், அதுக்கு முன்னாடி காதுல குத்தி சுகர் பாக்கணும்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு விடற சத்தம் மட்டும். அப்புறம், "நாக்பூர் வெயில் உன் மண்டைக்குள்ள இறங்கிடுச்சுடா"ன்னார்.

நான் பதில் சொல்லலை. ஃபோன்ல வாதாடி ஜெயிக்கற வழக்கம் எங்க குடும்பத்துல யாருக்குமே கிடையாது. ஆனா இதே கேள்வியை டாக்டர், மருந்துக்கடைக்காரர், கிளையில கூட இருக்கறவங்க, மாமியார்னு எல்லாரும் வேற வேற வார்த்தையில கேட்டாச்சு. அதனால ஒரே தடவையா எழுதி வெச்சிடறேன். அடுத்து கேக்கறவங்களுக்கு சுட்டி அனுப்பினா வேலை முடிஞ்சது. (அண்ணன் அன்னிக்கு இன்னொண்ணும் சொன்னார். அதுக்கு அப்புறம் வர்றேன்.)

பூனை பேர் லெட்ஜர். 2014ல அமராவதியில இருந்தப்போ கிளையோட ரெக்கார்ட் ரூம்ல, பழைய லெட்ஜர் கட்டுக்கு நடுவுல உள்ளங்கை அளவு கிடைச்சான். பையன் வெச்ச பேர் அது. எட்டு ஒன்பது வருஷம் சாப்பிட்டுத் தூங்கி 6.8 கிலோ ஆனான். 2023 டிசம்பர்ல பார்த்தா தண்ணிக் கிண்ணம் காலைல நிரப்பினா மத்தியானம் காலி. மணல் தட்டுல கட்டி கட்டியா ஈரம். நல்லா சாப்பிடறான், ஆனா எடை 5.2க்கு இறங்கிடுச்சு. பின்னங்கால் குதிகாலைத் தரையில பதிச்சு முயல் மாதிரி நடக்க ஆரம்பிச்சான். வயசான, குண்டான, வீட்டுக்குள்ளயே இருக்கற, கருத்தடை பண்ணின ஆண் பூனைங்களுக்கு இது அதிகம் வருமாம். நாலும் இவனுக்குப் பொருந்தும்.

ஊர்ல பேர் சொன்னா தெரியற ஒரு கிளினிக். பேர் வேண்டாம். ரத்தத்துல சர்க்கரை 412. கிளார்ஜின் இன்சுலின், வேளைக்கு 1 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு எழுதினார் டாக்டர். அது சரியான ஆரம்பம்தான், குறை சொல்ல மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வரச் சொன்னார். போனோம். 368. "குறையலையே, 2 யூனிட் போடுங்க." இன்னும் ரெண்டு வாரம். 390. "3 போடுங்க." ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குத்து, ஒரே ஒரு நம்பர், ஒரு யூனிட் கூடுதல்.

3 யூனிட் ஆரம்பிச்ச நாலாவது ராத்திரி, 2 மணி இருக்கும். ஹால்ல எதுவோ விழற சத்தம். லைட்டைப் போட்டா லெட்ஜர் சோபாவுக்குக் கீழ பக்கவாட்டுல கிடக்கறான். எழுந்து நிக்கப் பாக்கறான், கால் நாலும் நாலு பக்கம் போகுது. முகம் துடிக்குது. தங்கமணிக்கு பார்டர்லைன் சுகர், வீட்ல மீட்டர் இருக்கு. அவதான் ஓடிப் போய் எடுத்துட்டு வந்து, எங்க குத்தறதுன்னே தெரியாம காதுல ஒரு குத்து குத்தினா. 31.

கிளினிக் ஃபோனை யாரும் எடுக்கலை. தேனை விரல்ல எடுத்து ஈறுல தடவினோம். (வாயில ஊத்தக் கூடாது, புரையேறிடும். இதை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்கோங்க.) 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தோம். 48. 77. அப்பாடான்னு உக்காந்தா மறுபடி 69. கிளார்ஜின் மெதுவா வேலை பண்ற மருந்து, தேன் தீர்ந்த பின்னாடியும் அது உள்ள இருக்கும். நல்லா முழிப்பு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா சாப்பாடு. 5 மணிக்கு 112. பையன் மடியில படுத்துத் தூங்கினான். பையன் தூங்கலை, அன்னிக்கு அவனுக்கு ப்ரீ-போர்ட் கணக்குப் பரீட்சை.

காலைல கிளினிக் திறந்ததும் போய்ச் சொன்னேன். டாக்டர் சிரிச்சார். "மனுஷங்க மீட்டர் பூனைக்குத் தப்பாக் காட்டும். எங்க மெஷின்ல 390 இருந்ததே, அது எப்படி 31 ஆகும்?" வீட்ல இதெல்லாம் பாக்காதீங்கன்னார். நான் விடலை, மறுபடி கேட்டேன். அப்போ வந்தது அந்த வாக்கியம்: "டாக்டர் மை(ன்) ஹூ(ன்) யா ஆப்?" அதாவது, டாக்டர் நானா நீங்களான்னு.

நீங்கதான் டாக்டர் சார். நான் பி.காம். அதனாலதான் கேக்கறேன்.

எங்க தொழில்ல ஒரு பழைய கதை உண்டு. 2010 ஏப்ரல் 1க்கு முன்னாடி சேமிப்புக் கணக்குக்கு வட்டி எப்படிப் போடுவோம்னு வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாசம் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவுல எது குறைஞ்ச இருப்போ அதுக்கு மட்டும் வட்டி. மாசம் பூரா லட்ச ரூபாய் கிடந்து 28ஆம் தேதி ஒரே ஒரு நாள் 500க்கு இறங்கினா, வட்டி 500க்குத்தான். அநியாயம்னு எல்லாருக்கும் தெரியும். கையால லெட்ஜர் எழுதின காலத்துல வேற வழி இல்லை. கம்ப்யூட்டர் வந்தப்புறம் தினசரி இருப்புக்கு வட்டின்னு மாத்தினாங்க. பூனையோட சர்க்கரையை ரெண்டு வாரத்துக்கு ஒரு நிமிஷம் பார்த்துட்டு டோஸ் ஏத்தறது அந்தப் பழைய லெட்ஜர் முறையை விட மோசம். ஏன்னா அங்க குறைஞ்ச இருப்பாவது எடுத்தோம். இங்க எடுக்கறது உச்சம்.

உச்சம்னு ஏன் சொல்றேன்? பூனை பயந்தா அட்ரினலின் சுரக்கும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்துல கொட்டும். சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக் கூட பயத்துல 300ஐத் தாண்டிப் போறது உண்டு. பூனை வைத்தியத்துல இது பாலபாடம், ரகசியம் ஒண்ணும் இல்லை. கூடையில அடைச்சு, ஆட்டோவுல 40 நிமிஷம் குலுக்கி, ரெண்டு லாப்ரடார் குரைக்கற ஹால்ல ஒரு மணி நேரம் உக்கார வெச்சு, ரெண்டு பேர் பிடிச்சு அமுக்கி எடுக்கற ரத்தத்துல என்ன நம்பர் வரும்?

எங்கப்பா லேபுக்குப் போற ரெண்டு நாள் முன்னாடியே ஸ்வீட்டை நிறுத்திடுவார், சாயங்காலம் ரெண்டு ரவுண்டு கூட நடப்பார். ரிப்போர்ட் பளபளன்னு வரும். மார்ச் 31க்கு டெபாசிட் ஏத்திக் காட்டற மாதிரி. அதுக்கு விண்டோ டிரஸ்ஸிங்னு பேர். பூனை அதுக்கு நேர் எதிர். லேபுக்குப் போற அன்னிக்கு மட்டும் மோசமாக் காட்டும்.

சும்மா சொல்லலை, சோதிச்சுப் பார்த்தேன். ஒரு நாலாவது சனிக்கிழமை, வங்கி லீவு. காலைல 8 மணிக்கு வீட்ல 148. அதே பூனை, அதே மீட்டர், இன்சுலின் போடலை, சாப்பாடும் கொடுக்கலை. கிளினிக் வாசல்ல 10:15க்கு 331. அந்த நம்பரைப் பார்த்து எந்த டாக்டரும் டோஸைக் குறைக்க மாட்டார்.

இனி மீட்டர் விஷயம். மனுஷங்க மீட்டர் பூனைக்குத் துல்லியம் இல்லைங்கறது உண்மை. ரத்தத்துல சர்க்கரை பிளாஸ்மாவுக்கும் சிவப்பணுக்கும் நடுவுல பிரிஞ்சு நிக்கற விகிதம் மனுஷனுக்கு வேற, பூனைக்கு வேற. பூனைக்குப் பெரும்பகுதி பிளாஸ்மாவுலயே இருக்கும். அதனால நம்ம மீட்டர் பொதுவா நிஜத்தை விடக் கொஞ்சம் குறைச்சுக் காட்டும். பிராணிகளுக்குன்னே ஆல்ஃபாடிராக் மாதிரி மீட்டர் இருக்கு, பட்டை கிடைச்சா அதையே வாங்குங்க. கிடைக்கலைன்னா? 100 கிராம் குறைச்சுக் காட்டற தராசுல தினம் நிறுத்தாலும் குழந்தை வளருதா இளைக்குதான்னு தெரியும். ஒரே மீட்டரை வெச்சுக்கணும், டாக்டர்கிட்ட எந்த மீட்டர்னு சொல்லணும், அவ்வளவுதான். குறைச்சுக் காட்டற மீட்டரை நம்பினா ஒரு வேளை ஊசி தேவையில்லாம தவறலாம். கிளினிக்கோட 390ஐ நம்பினதால எங்க வீட்ல என்ன ஆச்சுன்னு மேல படிச்சீங்க. துல்லியம் இல்லாத தினசரிக் கணக்கா, துல்லியமான பொய்யா? நான் முதலாவதுக்குக் கையெழுத்துப் போடுவேன்.

'தண்ணி குடிக்கறது குறைஞ்சா போதும், எடை ஏறினா போதும்'னும் சிலர் சொல்வாங்க. அதையும் பாக்கணும்தான், நானும் வாரா வாரம் நிறுக்கறேன். ஆனா அதெல்லாம் சர்க்கரை அதிகமா இருக்கறதைச் சொல்ற அடையாளம். குறையறதை எதுவும் முன்கூட்டிச் சொல்லாது, விழுந்தப்புறம்தான் சொல்லும். ஃப்ரக்டோசமைன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, கடந்த ரெண்டு மூணு வாரத்தோட சராசரி. நல்ல டெஸ்ட். ராத்திரி 2 மணிப் பள்ளம் அதுல தெரியாது.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்றதே இல்லை. சீக்கிரம் கண்டுபிடிச்சு, மாவுச்சத்து குறைஞ்ச சாப்பாடு கொடுத்து, சர்க்கரையைக் கட்டுக்குள்ள வெச்சா, கணிசமான பூனைங்களுக்கு கணையம் மறுபடி வேலை செய்ய ஆரம்பிச்சு ஊசியே தேவைப்படாம போயிடும். நல்ல சேதிதானே? அளக்காத வீட்ல அது கெட்ட சேதி. குணமாகிட்டு வர்ற பூனைக்கு, குணமானது தெரியாம, அதே 2 யூனிட்டைப் போட்டுட்டு ஆபீஸ் போயிடுவோம். லெட்ஜருக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வரலை. வந்தா அன்னிக்கே தெரியும்.

அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2018ல போட்ட சர்க்கரை நோய் வழிகாட்டியிலயே வீட்ல அளக்கறதை ஆதரிச்சிருக்காங்க. சர்வதேச பூனை மருத்துவ அமைப்போட 2015 வழிகாட்டியும் அப்படித்தான். இது என்னை மாதிரி ஆளுங்க கண்டுபிடிச்ச பைத்தியக்காரத்தனம் இல்லைன்னு சொல்றதுக்காக எழுதறேன்.

அந்த கிளினிக்கை விட்டுட்டோம். இப்போ பாக்கறது ஒரு சின்ன வயசு அம்மா. முதல் நாளே, "வீட்ல எடுத்த நம்பர் இருக்கா? கொண்டு வாங்க, அது இல்லாம நான் டோஸ் மாத்த மாட்டேன்"னாங்க. தங்கமணிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மறுபடி 1 யூனிட்லேர்ந்து ஆரம்பிச்சோம். ஒரு ஞாயித்துக்கிழமை காலை 7லேர்ந்து ராத்திரி 7 வரைக்கும் ரெண்டு மணிக்கு ஒரு தடவை எடுத்து கிராஃப் தாள்ல போட்டேன்: 286, 231, 164, 118, 127, 189, 254. அந்தக் கோட்டைப் பாருங்க. மத்தியானம் 1 மணிக்கு 118 வரைக்கும் இறங்கற பூனை, சாயங்காலம் 254. சாயங்கால நம்பரை மட்டும் பாக்கறவங்க 2 யூனிட் எழுதுவாங்க. இவங்க கோடு பூராவும் பார்த்துட்டு, "பள்ளம் 118, போதும், தொடாதீங்க"ன்னாங்க. அதே 1 யூனிட்ல இன்னிக்கு வரைக்கும் ஓடுது. எடை 5.9. நடை சரியாகிடுச்சு.

இங்க என் கட்சிக்காரங்களையும் திட்டணும். மீட்டர் கைக்கு வந்ததும் சிலர் தானே டாக்டர் ஆயிடறாங்க. காலைல 270 பார்த்தா அரை யூனிட் ஏத்தறது, ராத்திரி 160 பார்த்தா அரை யூனிட் இறக்கறது. அளக்கறது என் வேலை, டோஸ் மாத்தறது டாக்டர் வேலை. கணக்கு எழுதறவனே ஆடிட்டும் பண்ணக் கூடாது. எனக்கு இருக்கற ஒரே அதிகாரம் ஊசி போடாம நிறுத்தறது. எங்க டாக்டர் எங்க மீட்டருக்கு எழுதிக் கொடுத்த கோடு 180. அதுக்குக் கீழ இருந்தா ஊசி கிடையாது, ஃபோன். உங்க பூனைக்கு உங்க டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க.

சிரிஞ்சைப் பத்தியும் சொல்லிடறேன். கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். நம்ம நாட்ல சாதா மனுஷ இன்சுலின் குப்பி நிறைய 40 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. ஒரு தடவை கடையில ஆரஞ்சு இல்லைன்னு சிவப்பை எடுத்துக் கொடுத்தார், "சிரிஞ்சுன்னா சிரிஞ்சுதானே சாப்"னு. சிவப்பு சிரிஞ்சுல ஒரு கோடு எடுத்தா உள்ள போறது ரெண்டரை யூனிட். 5 கிலோ பூனைக்கு! மூடி கலரைப் பாக்காம கடையை விட்டு இறங்காதீங்க. இது பூனைக்கு மட்டும் இல்லை, வீட்ல இருக்கற பெரியவங்களுக்கும்தான்.

குத்திக் குத்தி வாயில்லா ஜீவனைக் கொடுமைப்படுத்தறேன்னு மாமியார் சொல்றாங்க. வந்து பாருங்கன்னேன், பார்த்தாங்க. பழைய சாக்ஸ்ல அரிசி போட்டு மைக்ரோவேவ்ல சூடாக்கி, என் கன்னத்துல வெச்சுப் பார்த்துட்டு காதுல ஒரு நிமிஷம் வெப்பேன். காது ஓரமா ஒரு ரத்தக்குழாய் ஓடும், டார்ச் அடிச்சா தெரியும். குத்தறது குழாய்ல இல்லை, அதுக்கும் விளிம்புக்கும் நடுவுல. லேசா வாஸலைன் தடவினா ரத்தம் முடியில பரவாம முத்தா நிக்கும். பின்னாடி பஞ்சு, இல்லைன்னா நம்ம விரல்ல குத்திக்குவோம் (நாலு தடவை). முதல் வாரம் பத்து பட்டை வீணாப் போச்சு, அப்புறம் ஒரு நிமிஷ வேலை. முடிஞ்சதும் வேக வெச்ச கோழித் துண்டு ஒண்ணு. இப்போ சாக்ஸைப் பார்த்தாலே தானா வந்து உக்காந்துடறான். ஒரு நாளைக்கு மூணு நாலு பட்டை, மாசம் 2000 ரூபாய்க்குள்ள. மே மாசம் நாக்பூர் 45 டிகிரிக்குப் போறப்போ மீட்டர் தெர்மாமீட்டர் படம் காட்டிட்டு வேலை நிறுத்தம் பண்ணும், கூலர் ஓடற ரூம்ல வெச்சுக்கணும்.

கோழின்னதும் இன்னொரு ரகளை. எங்க வீடு சைவம். இந்த ஊர்ல நம்மவங்க பல வீட்ல பூனைக்கு தயிர் சாதம்தான், பெருமையா வேற சொல்றாங்க, 'எங்க பூனை சுத்த சைவம்'னு. பூனை அசைவமா பிறந்த ஜீவன். மாவுச்சத்தை சமாளிக்கற ஏற்பாடு அதோட உடம்புல ரொம்பக் கம்மி. சர்க்கரை வந்த பூனைக்கு சாதம் போட்டுட்டு ஊசி போடறது, ஒரு கையால கடன் கொடுத்துட்டு இன்னொரு கையால வசூலுக்குப் போற மாதிரி. எங்க வீட்ல இண்டக்‌ஷன் அடுப்பு ஒண்ணு பால்கனியில, தனி பாத்திரம், தனி கரண்டி. மாமியார் வந்தா பால்கனி கதவு சாத்தியிருக்கும். அவ்வளவுதான் சமரசம்.

இப்போ அண்ணன் சொன்ன இன்னொண்ணு. "சித்தப்பாவுக்கு, அதாண்டா உங்கப்பாவுக்கு, இப்படி ஒரு நாள் பார்த்திருப்பியா நீ?"

நியாயமான கேள்விதான். 2011, ஒரு ஏகாதசி. அப்பா வழக்கம்போல காலைல சுகர் மாத்திரையைப் போட்டுட்டு, வழக்கம்போல உபவாசமும் இருந்தார். கொல்லைப் பக்கம் போனவர் கிணத்தடியில விழுந்தார். தலையில அடி. ஆஸ்பத்திரியில குளுகோஸ் ஏத்தினதும் முழிச்சுக்கிட்டார், ஆனா அப்புறம் பழைய அப்பா இல்லை. எட்டு மாசம். காரியம் எல்லாம் முடிஞ்சு பீரோவை ஒழிச்சப்போ, 2009 தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த மீட்டர் கிடைச்சது. பிளாஸ்டிக் கவர் பிரிக்கலை. பட்டை காலாவதி ஆகியிருந்தது. 1500 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உக்காந்துட்டு வாரா வாரம் ஃபோன்ல "சுகர் எப்படிப்பா?"னு கேட்டேன். "போன மாசம் பார்த்தேன், நார்மல்"னு சொல்வார். நானும் டிக் அடிச்சுட்டு வெச்சிடுவேன்.

அதனால, ஆமாண்ணா, பாக்கலை. இப்போ பாக்கறேன்.

தை மாசம் மச்சினி பொண்ணு கல்யாணம், நாலு நாள் ஊருக்குப் போயே ஆகணும். லெட்ஜரை யார்கிட்ட விடறது? பக்கத்து ஃப்ளாட் காகூவுக்கு 62 வயசு, அவங்களுக்கும் சுகர், தானே இன்சுலின் போட்டுக்கறவங்க, அதனால ஊசி பயம் கிடையாது. காது குத்தறதுக்கு ரெண்டு நாள் பயிற்சி. மூணாவது நாள் என்னை விட நல்லா எடுத்தாங்க. காலைலயும் சாயங்காலமும் வாட்ஸப்புல நம்பர் வரணும், நான் 'சரி'ன்னு போட்டப்புறம்தான் ஊசின்னு ஒப்பந்தம்.

மூணு நாள் ஒழுங்கா வந்தது. முகூர்த்தத்தன்னிக்குக் காலைல 212, 'சரி' போட்டேன். அரை மணி கழிச்சு பந்தியில உக்காந்திருக்கேன், இன்னொரு மெசேஜ்: 264. இலையை விட்டுட்டு எழுந்து மண்டப வாசலுக்கு ஓடிப் போய் ஃபோன் பண்ணினேன், காகூ என்ன ஆச்சு, ஊசி போட்டீங்களா இல்லையா, அரை மணியில எப்படி ஏறுச்சுன்னு ஹிந்தியும் மராட்டியும் கலந்து கத்தறேன்.

"அது லெட்ஜரோடது இல்லைடா" ன்னாங்க. "என்னோடது. பட்டை ஒண்ணு மீதி இருந்தது."